எழுத்துக்கும் முகராசி உண்டு

மனிதர்களுக்கு முகராசி உண்டு என்று நம் வீடுகளில் சொல்லுவார்கள். ஒருவர் வாசலில் வந்து நின்றால் போதும், காரணம் தெரியாமலே மனம் குளிர்ந்துவிடும். இன்னொருவர், பாவம், ஒரு தப்பும் செய்திருக்க மாட்டார். ஆனாலும் அவர் தலை தெரிந்ததும் நம் முகம் சுருங்கும். அச்சு எழுத்துக்களுக்கும் இந்த ராசி உண்டு என்று சொன்னால் நம்புவீர்களா? எழுதியிருக்கும் விஷயத்தைச் சொல்லவில்லை. எழுத்தின் வடிவத்தை, அதன் வளைவையும் சுழியையும் பருமனையும் சொல்லுகிறேன். கல்யாணப் பத்திரிகையில் ஒரு மாதிரியாகவும் ரயில்வே அட்டவணையில் வேறு மாதிரியாகவும் இருக்கிறதே, அதைத்தான். இங்கிலீஷில் இதற்கு 'டைப் பேஸ்', அதாவது அச்செழுத்தின் முகம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இங்கிலீஷ் எழுத்துக்கு இப்படி ஆயிரக்கணக்கான முகங்கள் இருக்கின்றன. அவற்றில் மிக அதிகமாக வசவு வாங்கிக் கட்டிக்கொண்டது எது என்று புத்தகம், விளம்பரம், பெயர்ப்பலகை இவற்றையெல்லாம் வடிவமைக்கும் எந்தக் கலைஞரை வேண்டுமானாலும் கேளுங்கள். யோசிக்காமல் பதில் வரும்: 'காமிக் ஸான்ஸ்'.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். குழந்தையின் பிறந்த நாள் அழைப்பில் இருக்கும். பள்ளிக்கூடத்து நோட்டீஸில் இருக்கும். "லிப்ட் கதவைச் சரியாகச் சாத்தவும்" என்று இங்கிலீஷில் அச்சடித்து ஒட்டிய காகிதத்தில் இருக்கும். குண்டு குண்டாக, கொஞ்சம் கோணலாக, நல்ல கையெழுத்துள்ள ஒரு சிறு பெண் ஸ்கெட்ச் பேனாவால் எழுதின மாதிரி இருக்கும். இதைப் போய் யாராவது வெறுப்பார்களா என்றுதான் தோன்றும். ஆனால் இதை அடியோடு ஒழிக்க வேண்டுமென்று இயக்கமே நடந்திருக்கிறது!

இது பிறந்த கதை வேடிக்கையானது. 1994-ம் வருஷம். அமெரிக்காவில் மைக்ரோஸாப்ட் கம்பெனியில் வின்சென்ட் கானேர் என்பவர் எழுத்து வடிவங்களைக் கவனிக்கும் வேலையில் இருந்தார். கம்ப்யூட்டர் என்றாலே மிரளும் குடும்பங்களுக்காக அந்தக் கம்பெனி 'பாப்' என்று ஒரு புரோகிராம் தயாரித்துக்கொண்டிருந்தது. திரையில் வீட்டுக் கூடம் போல ஒரு படம். அதில் ஒரு நாய். இதைச் செய், அதைச் செய் என்று அந்த நாய் நமக்கு யோசனை சொல்லும். சித்திரக் கதைகளில் போல அதன் வாயருகே ஒரு குமிழி, குமிழிக்குள் வசனம்.

கானேர் அதைப் பார்த்தார். வசனம் 'டைம்ஸ் நியூ ரோமன்' என்ற எழுத்தில் இருந்தது. அந்த எழுத்து 1932-ல் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்காகவே செய்யப்பட்டது. கோட்டும் டையும் போட்டுக்கொண்டு நிற்கிற எழுத்து. நாய் பேசுகிறது, ஆனால் தலையங்கம் வாசிப்பது போலப் பேசுகிறது! மனுஷருக்குப் பொறுக்கவில்லை. தம்மிடமிருந்த சித்திரக் கதைப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு, அவற்றில் கையால் எழுதியிருக்கும் வசனங்களைப் பார்த்துப் பார்த்து ஒரு புது எழுத்தை வரைந்தார்.

ஆனால் அந்த நாய்க்குக் கடைசிவரை அது கிடைக்கவில்லை. புரோகிராம் முக்கால்வாசி முடிந்துபோயிருந்தது. புது எழுத்து சற்றுப் பெரிதாக இருந்ததால் குமிழிக்குள் அடங்கவில்லை. 'பாப்' 1995-ல் வெளிவந்தது, வந்த சுவடு தெரியாமல் போய்ச் சேர்ந்தது. காமிக் ஸான்ஸ் மட்டும் 'விண்டோஸ் 95'-க்கான ஒரு கூடுதல் தொகுப்பில் ஏறிக்கொண்டு, பிறகு விண்டோஸோடு சேர்ந்தே உலகத்தில் உள்ள வீடுகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது.

அது பிரபலமானதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. கம்ப்யூட்டரை வாங்கினால் கூடவே வந்தது, தனியாகக் காசு இல்லை. அந்த நாளில் கம்ப்யூட்டர் திரையில் எழுத்துக்கள் புள்ளி புள்ளியாக உடைந்து தெரியும். அந்தக் கரடுமுரடான திரையிலும் இது பளிச்சென்று படிக்க வந்தது. இவற்றுக்கெல்லாம் மேலே, பட்டியலில் இருந்த மற்ற எழுத்துக்கள் ஆபீஸ் எழுத்துக்களாக இருந்தபோது இது ஒன்றுதான் வீட்டு மனுஷர் மாதிரி சிரித்தது. பள்ளிக்கூடத்து டீச்சர்கள், சங்கக் காரியதரிசிகள், பிறந்த நாள் அழைப்பு அச்சடிக்கும் தாய்மார்கள் எல்லோரும் அதைத் தேடிப் பிடித்தார்கள்.

பிடித்துக்கொண்டவர்கள் விடவில்லை. வந்தது வினை. கடைப் பலகை, வக்கீல் கடிதம், ஆஸ்பத்திரி அறிவிப்பு என்று போகக்கூடாத இடத்துக்கெல்லாம் அது போயிற்று. 1999-ல் அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரத்து வடிவமைப்பாளர்கள் இருவரிடம், குழந்தைகள் மியூசியத்துக்கான ஒரு வேலையில் இந்த எழுத்தைத்தான் போட வேண்டும் என்று முதலாளி பிடிவாதம் பிடித்தாராம். அந்தக் கடுப்பில் பிறந்ததுதான் 'காமிக் ஸான்ஸைத் தடை செய்' என்ற இயக்கம். 2012 ஜூலை 4-ந் தேதி, ஜெனீவாவுக்கு அருகே ஸெர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் ஹிக்ஸ் துகளைக் கண்டுபிடித்த செய்தியை விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். அரை நூற்றாண்டுத் தேடலின் முடிவு அது. பபியோலா ஜியானோட்டி என்ற அம்மையார் திரையில் காட்டிய விளக்கப் படங்கள் காமிக் ஸான்ஸில் இருந்தன. அவ்வளவுதான்! பிரபஞ்ச ரகசியத்தை விட்டுவிட்டு, இந்த எழுத்திலா போடுவது என்று பலர் அங்கலாய்க்கத் தொடங்கினார்கள். ஸெர்ன்காரர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. 2014 ஏப்ரல் முதல் தேதியன்று, இனிமேல் எங்கள் அறிவிப்பெல்லாம் காமிக் ஸான்ஸில்தான் என்று ஒரு போடு போட்டார்கள்.

வடிவமைப்பாளர்கள் சொல்லும் குற்றச்சாட்டில் நியாயம் இல்லாமல் இல்லை. எழுத்தின் கோட்டில் மெல்லினம் வல்லினம் கிடையாது, எல்லாம் ஒரே தடிமன். பக்கம் பக்கமாக அச்சடித்தால் கண்ணுக்கு மேடு பள்ளமாகத் தெரிகிறது. துக்கம் கேட்கப் போகிற இடத்துக்கு ஜிகினாப் புடவை கட்டிக்கொண்டு போனால் நாலு பேர் திரும்பிப் பார்க்கத்தானே செய்வார்கள்? ஆனால் கோபம் அவ்வளவுக்கு மட்டுமல்ல என்பது என் அபிப்பிராயம். எந்த விஷயத்துக்கு எந்த எழுத்து என்று தீர்மானிப்பது ஒரு காலத்தில் கம்பாசிட்டருக்கும் போர்மனுக்கும் ஓவியருக்கும் மட்டுமே சொந்தமான உரிமை. வருஷக்கணக்கில் வேலை பழகிச் சம்பாதித்த உரிமை. கம்ப்யூட்டர் வந்து அந்தப் பட்டியலை ஊரில் உள்ள எல்லோர் கையிலும் கொடுத்துவிட்டது. பந்தியில் உட்கார்ந்தவர்கள் எழுந்து வந்து கரண்டியைப் பிடுங்கிக்கொண்டால் சமையற்காரர் சும்மா இருப்பாரா? பிடுங்கின கரண்டியின் பெயர் காமிக் ஸான்ஸ். அடி அதன் தலையில் விழுந்தது.

இது இன்று நேற்று வந்த வியாதி அல்ல. இருநூற்றைம்பது வருஷங்களுக்கு முன்னால் ஒரு மனிதரின் வாழ்க்கையையே இது ஆட்டி வைத்திருக்கிறது.

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்தில் ஜான் பாஸ்கர்வில் என்று ஒருவர் இருந்தார். ஆரம்பத்தில் பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் பழக்குவார், கல்லறைக் கற்களில் எழுத்து வெட்டுவார். பிறகு தட்டுகளுக்கும் பெட்டிகளுக்கும் மெருகெண்ணெய் பூசி விற்கும் தொழிலில் இறங்கி நல்ல பணக்காரர் ஆனார். ஆனாலும் பழைய எழுத்துப் பைத்தியம் தெளியவில்லை. ஏறக்குறைய 1750-ல், நாற்பது வயது தாண்டிய பிறகு, தாமே அச்செழுத்துச் செய்யக் கிளம்பினார். எழுத்து மட்டுமா? அதற்கேற்ற கருமையான மை, அதற்கேற்ற வழுவழுப்பான காகிதம், அதை அழுத்தி மினுமினுப்பாக்கச் சூடான செப்புத் தகடுகள் என்று ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துச் செய்தார். ஏழு வருஷம் பாடுபட்டு 1757-ல் முதல் புத்தகமாக ரோமானிய மகாகவி வர்ஜிலின் காவியங்களை வெளியிட்டார்.

லண்டன் அச்சுத் தொழிலாளர்களும் புத்தகப் பிரியர்களும் என்ன சொன்னார்கள் தெரியுமா? கண்ணைக் கெடுக்கிற எழுத்து என்றார்கள். மெல்லிய கோடு மிக மெல்லிசு, காகிதம் மிகப் பளபளப்பு, படித்தால் கண் வலிக்கும் என்று பேச்சு பரவிவிட்டது.

அப்போது அமெரிக்கர் பெஞ்சமின் பிராங்க்ளின் லண்டனில் இருந்தார். அவரே ஒரு தேர்ந்த அச்சுக்காரர். ஒரு கனவான் அவரிடம் வந்து, இந்தப் பாஸ்கர்வில் தேசத்தில் படிக்கிறவர்களையெல்லாம் குருடாக்கிவிடுவார் போலிருக்கிறதே என்று குறைப்பட்டுக்கொண்டார். பிராங்க்ளின் உள்ளே போனார். வில்லியம் காஸ்லன் என்ற மற்றொரு பிரபல எழுத்து வார்ப்பாளரின் மாதிரித் தாளை எடுத்தார். மேலே பெயர் இருந்த பகுதியைக் கிழித்துவிட்டு, "இதோ பாஸ்கர்வில்லின் மாதிரி, குறை எங்கே என்று காட்டுங்கள்" என்ற பாவனையில் நீட்டினார். அந்தக் கனவானும் வரிசை வரிசையாகக் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டே போனார். பார்க்கும்போதே கண் வலிக்கிறது என்று வேறு சொன்னார். அவர் வாழ்நாள் முழுவதும் சுகமாகப் படித்துவந்த எழுத்து அது! அவரே ஒரு நூலாசிரியர். அவருடைய சொந்தப் புத்தகமே அந்த எழுத்தில்தான் அச்சாகியிருந்தது. பிராங்க்ளின் உண்மையைச் சொல்லி அவர் மானத்தை வாங்காமல் விட்டுவிட்டு, நடந்ததை 1760-ல் பாஸ்கர்வில்லுக்குக் கடிதமாக எழுதி அனுப்பினார்.

கடிதம் மனசுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வியாபாரத்துக்கு உதவவில்லை. 1763-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்காக அவர் அச்சிட்ட பைபிளை இன்று உலகத்தின் அழகான புத்தகங்களில் ஒன்று என்று கொண்டாடுகிறார்கள். அன்று அது அவருக்கு லாபம் தரவில்லை. மெருகெண்ணெய்த் தொழிலில் சம்பாதித்ததை எழுத்துத் தொழிலில் விட்டார் பாஸ்கர்வில். 1775-ல் காலமானார்.

அவர் விட்டுப்போன அச்சுக்களும் முத்திரைகளும் மனைவி ஸாராவின் தலையில் வந்து விழுந்தன. இந்த அம்மாளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போகக் கூடாது. ரிச்சர்ட் ஈவ்ஸ் என்பவருக்கு வாழ்க்கைப்பட்டவர். அந்த மனிதர் ஒரு வில்லங்கத்தில் மாட்டிக்கொண்டு, மனைவியையும் குழந்தைகளையும் தவிக்க விட்டு ஓடிப்போனார். குழந்தைகளோடு பாஸ்கர்வில் வீட்டுக்கு வீட்டுக் காரியங்களைக் கவனிக்க வந்த ஸாரா, நாளடைவில் அந்த வீட்டுக்கு எஜமானியும் அச்சு வேலையில் அவருக்கு உதவியும் ஆனார். ஊர் என்ன பேசியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஈவ்ஸ் இறந்த பிறகு 1764-ல்தான் இருவரும் சர்ச்சில் கல்யாணம் செய்துகொண்டார்கள். கணவர் இத்தனை அருமையாகச் செய்துவைத்த எழுத்துக்களை விற்க அந்த அம்மாள் முயன்றபோது இங்கிலாந்தில் வாங்க ஆள் இல்லை. கடைசியில் பிரான்சிலிருந்து ஆள் வந்தது. வாங்கியவர் 'பிகாரோவின் கல்யாணம்' எழுதிய நாடகாசிரியர் போமார்ஷே. வால்டேரின் எழுத்துக்களையெல்லாம் தொகுத்து அச்சிடுவதற்காக வாங்கினார்.

அதன் பிறகு அந்த முத்திரைகள் பிரான்சில் கைமாறிக் கைமாறி, யாருடையவை என்பதே மறந்துபோகும் நிலைக்கு வந்தன. 1920-களில்தான் புத்தகக் கலைஞர்கள் விழித்துக்கொண்டு அந்த வடிவத்தை மறுபடி வார்த்தெடுத்தார்கள். 1953-ல் ஒரு பிரெஞ்சு எழுத்து வார்ப்பகம் அசல் முத்திரைகளைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகத்துக்கே நன்கொடையாகக் கொடுத்தது. பைபிள் அச்சிட்ட இடத்துக்கே திரும்பி வந்து சேர்ந்தன. இன்று நல்ல புத்தகம் என்றால் பாஸ்கர்வில்லில் அச்சடிப்பது கௌரவம். படித்து யாருக்கும் கண் போனதாகத் தகவல் இல்லை.

எழுத்து அதேதான். மாறினது எது? ஜுஸானா லிக்கோ என்ற பெண்மணி இதற்கு ஒரு பதில் சொன்னார். ஸ்லோவாக்கியாவில் பிராடிஸ்லாவாவில் பிறந்து, அமெரிக்காவில் குடியேறி, 1980-களில் ஆரம்பகால கம்ப்யூட்டர்களைக்கொண்டே எழுத்து வரைய முன்வந்தவர். படிக்கச் சுலபமான எழுத்து என்று பிறவியிலேயே ஒன்று கிடையாது, எதை அதிகமாகப் படித்துப் பழகியிருக்கிறோமோ அதுதான் நமக்குச் சுலபமாகப் படுகிறது என்பது அவர் கட்சி. நியூயார்க் நகரத்தின் பெரிய வடிவமைப்பாளர் மஸ்ஸிமோ விக்னெல்லி, லிக்கோவும் கணவரும் நடத்திய 'எமிக்ரே' பத்திரிகையையும் அதன் எழுத்துக்களையும் 1991-ல் குப்பை என்றே சொல்லிவிட்டார். ஐந்து வருஷம் போயிற்று. லிக்கோ செய்த மற்றொரு எழுத்தின் விளம்பரத் தாளை வரைந்து கொடுத்தவர் யார் என்கிறீர்கள்? அதே விக்னெல்லி!

அந்த 1996-லேயே லிக்கோ பாஸ்கர்வில் எழுத்தைத் தழுவி ஒரு புதிய எழுத்தும் செய்தார். வடிவமைப்பாளர்கள் ஓடிவந்து எடுத்துக்கொண்டார்கள். எத்தனையோ புத்தகங்களின் அட்டையை அது அலங்கரித்திருக்கிறது. அதற்கு அவர் வைத்த பெயர் 'மிஸஸ் ஈவ்ஸ்'. ஊர் வாயில் விழுந்த அந்த ஸாரா அம்மாளின் பெயர்.

பழக்கம் செய்யும் வேலைக்கு நம் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. தமிழ்நாட்டில் 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதுவரை லை, ணை, னை, ளை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி முன்னால் ஒரு சுழியோடு இருந்தன. தும்பிக்கை போனதும் பழகின கண்களுக்கு எழுத்து மொட்டையாகத் தெரிந்தது. இன்று பரணிலிருந்து ஒரு பழைய தொடர்கதை பைண்டு புத்தகத்தை இறக்கி வைத்தால், "இது என்ன எழுத்து?" என்று பேத்தி கேட்கிறாள்.

மற்றொரு ரகமான வெறுப்பும் இருக்கிறது. மாமியார் உடைத்தால் மண் குடம், மருமகள் உடைத்தால் பொன் குடம் என்பார்களே, அந்த ரகம். 1957-ல் ஸ்விட்ஸர்லாந்தில் பாஸல் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு டைப் பவுண்டரியில் 'ஹெல்வெடிகா' பிறந்தது. அலங்காரமே இல்லாத, துடைத்துவிட்ட மாதிரி சுத்தமான எழுத்து. வடிவமைப்பாளர்கள் அதைத் தலையில் வைத்துக் கூத்தாடினார்கள். 2007-ல் அதைப் பற்றி ஒரு முழு நீளச் சினிமாவே எடுத்தார்கள். 1982-ல் அதே அகலத்தில், ஏறக்குறைய அதே ஜாடையில் 'ஏரியல்' வந்தது. விண்டோஸோடு வீட்டுக்கு வீடு போயிற்று. ஏரியல் என்று சொன்னாலே வடிவமைப்பாளர்கள் மூக்கைப் பொத்திக்கொள்ளுவார்கள், நகல் என்பார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெரிய R எழுத்தின் காலிலும் சின்ன t-யின் தலை வெட்டிலும் வித்தியாசம் தெரியும். அதுவும் காட்டிக் கொடுத்தால்தான். நகல் என்ற குற்றம் பொய்யல்ல. ஆனால் நகல் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அது அவலட்சணமாகத் தெரிகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் கலைஞர்கள் சண்டை, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. 2012-ல் எரால் மோரிஸ் என்ற சினிமா டைரக்டர் 'நியூயார்க் டைம்ஸ்' வாசகர்களிடம் ஒரு தந்திரம் செய்து பார்த்தார். ஒரு சிறு பகுதியைப் படிக்கக் கொடுத்து, இதில் சொல்லியிருப்பதை நம்புகிறீர்களா, இல்லையா என்று கேட்டார். வாசகம் எல்லோருக்கும் ஒன்றுதான். எழுத்து வடிவம் மட்டும் ஆறு விதம். யாருக்கும் அது தெரியாது. சுமார் 45,000 பேர் பதில் சொன்னார்கள். மற்ற எழுத்தில் படித்தவர்களைவிடப் பாஸ்கர்வில்லில் படித்தவர்கள் சற்று அதிகமாக நம்பினார்கள். வித்தியாசம் சிறியதுதான், ஆனால் இருந்தது. காமிக் ஸான்ஸில் படித்தவர்கள் அவ்வளவாக நம்பவில்லை. கண்ணைக் குருடாக்கும் என்று ஒதுக்கின எழுத்து இன்று ஊருக்குப் பெரிய மனுஷன் ஆகி, சொன்ன வாக்கு எடுபடுகிறது! மளிகைக் கடைக்காரர் காட்டும் விலைப் பட்டியலிலிருந்து பாங்க்காரர் அனுப்பும் கடிதம் வரையில் நாம் எதை நம்புகிறோம், ஏன் நம்புகிறோம் என்று கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

காமிக் ஸான்ஸுக்காக ஒரு வார்த்தை. சில குழந்தைகளுக்குப் புத்தி கூர்மையாக இருக்கும், எழுத்து மட்டும் கூடி வராது. டிஸ்லெக்ஸியா என்கிறார்கள். பிரிட்டனில் இவர்களுக்காக உழைக்கும் 'பிரிட்டிஷ் டிஸ்லெக்ஸியா அசோஸியேஷன்', எழுத்துக்கள் ஒன்றோடொன்று நெருக்கியடிக்காமல் தெரியும் என்று சிபாரிசு செய்யும் வடிவங்களில் கலைஞர்கள் கரித்துக்கொட்டும் ஏரியலும் இருக்கிறது, காமிக் ஸான்ஸும் இருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு குழந்தைக்காக அந்த எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் டீச்சரைப் பார்த்து ரசனை தெரியாதவர் என்று யாராவது சிரித்தால், சிரிக்கிறவரைப் பற்றித்தான் எனக்கு வருத்தம்.

இத்தனை அமளிக்கும் காரணமான வின்சென்ட் கானேர் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளுவதில்லை. காமிக் ஸான்ஸை ரொம்பக் கொண்டாடுகிறவர்களுக்கும் எழுத்துக் கலை தெரியாது, ரொம்பத் திட்டுகிறவர்களுக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டார். தாம் அதை ஒரே ஒரு தடவைதான் உபயோகித்தாராம். வீட்டு இன்டர்நெட் இணைப்பில் தகராறு வந்தபோது கம்பெனிக்குப் புகார்க் கடிதம் எழுதினார். காமிக் ஸான்ஸில் எழுதினார். பத்துப் பவுன் பணம் திரும்பி வந்ததாம்.